என் வாயும் மைக்கின் முகமும்

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கூல் வேனின் பின்கதவு வேலை இன்று பட்டறையில் முடிந்தது. வரும்போது கசக்கி எறிந்த காகிதம் போலக் கிடந்தது. போகும்போது வேன் டிரைவர் அந்தக் கதவிலேயே முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போனார். இந்த ஊரில் ஒடுக்கு எடுக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம். எடுத்த இடம் தெரியாமல் எடுக்கிறவன் ஒருவன்தான். அவன் யார் என்று நானே எழுதுவது அழகில்லை.

இந்த டைரி பெயிண்ட் கம்பெனிக்காரன் கொடுத்தது. எட்டாவது தாண்டாதவனுக்கு டைரி எதற்கு என்று அக்கா சிரித்தாள். நான் ஒன்பதாவதுக்குப் போகாதது அங்கிருந்த வாத்தியார்களுக்கு நான் செய்த உபகாரம். போயிருந்தால் அவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும்?

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து வந்தேன். என் மருமகளின் குரல் கூரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அக்கா மகள். பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்கிற வேலை. அதனால் வீட்டில் நான் வைத்த பெயர் மைக்கு. "பயணிகளின் கனிவான கவனத்துக்கு" என்று அவள் ஆரம்பித்தால் அழுகிற குழந்தைகூட நிறுத்திவிட்டுக் கேட்கும். நானே பார்த்திருக்கிறேன். ஒன்றல்ல, ஏழெட்டுக் குழந்தைகள்.

குரலை ஊரே கேட்கிறது. முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அதற்காகத்தான் அந்த வேலையை எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். தாடை ஓரம் பூராவும் கட்டி. சாதாரணப் பரு இல்லை. தலை தெரியாமல், உள்ளேயே கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். இடது பக்கம் தலையணையில் படக்கூடாது, வலது பக்கமாகவே மெல்ல வேண்டும். வீட்டிலேயே துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டு நடக்கிறாள்.

இதைச் சரிசெய்யாமல் நான் என்ன மாமன்?


மார்ச் 9, ஞாயிறு

யோசித்தேன். யோசித்தேன் என்றால் நாள் பூரா.

தோல் என்பது என்ன? மேல் பூச்சு. பூச்சு மங்கினால் நாங்கள் என்ன செய்கிறோம்? நைஸ் உப்புத்தாள், அதன்மேல் ரப்பிங் பேஸ்ட், வட்ட வட்டமாகத் தேய்ப்பு. இருபது வருஷத்துப் பழைய வண்டிகூடக் கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். அதே தத்துவம்தான். மனுஷத் தோலுக்கு உப்புத்தாள் ஆகாது என்கிற அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு. ஆகவே சர்க்கரை. நொறுநொறுவென்று இருக்கிற சர்க்கரை, அதில் எலுமிச்சைச் சாறு. குழைத்துப் பார்த்தால் அச்சு அசல் ரப்பிங் பேஸ்ட்.

மைக்கு முதலில் மாட்டேன் என்றாள். ஒரு பெரிய அதிகாரியின் காரையே என்னிடம்தான் விடுகிறார்கள், உன் முகத்தை விடமாட்டாயா என்று கேட்டேன். (அதிகாரி வீட்டு டிரைவரின் மச்சான் கார். கார் கார்தானே.) கண்ணாடி முன்னால் நின்று அவளே தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்று வட்டம் எப்படிப் போடுவது என்று சொன்னேன். எரிகிறது மாமா என்றாள். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்றேன்.

கழுவிவிட்டு வந்தபோது முகம் மின்னியது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.


மார்ச் 10, திங்கள்

மின்னல் இன்னும் இருக்கிறது. சிவப்பாக.


மார்ச் 12, புதன்

இதை எப்படி எழுதுவது?

இடது தாடை வீங்கிவிட்டது. இரண்டு கட்டிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஒரே மேடாக நிற்கின்றன. வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. அப்படியும் வேலைக்குப் போனாள். மத்தியானம் நான் பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீஸில் ஒரு வண்டி பம்பரை வாங்க நின்றிருந்தேன். கூரையிலிருந்து குரல் வந்தது. வாயில் துணி வைத்துப் பேசுகிற மாதிரி. நடைமேடை நம்பர் யாருக்கும் புரியவில்லை. ஒரு பெரியவர் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டு இறங்கினார். "என்னய்யா, குடிச்சிட்டு மைக்கைப் புடிச்சிருக்குதா" என்றார் ஒருவர்.

அந்த ஆளை நான் என்ன செய்தேன் என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ஒன்றும் செய்யவில்லை. பம்பரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், இரண்டு கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து, உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும், அப்புறம் எல்லாம் சமதளம் என்றேன். ஒடுக்கை உள்ளேயிருந்து தட்டுவோம், மேட்டை மேலேயிருந்து அழுத்துவோம், அதுதானே முறை. கையைக் கொண்டுபோனேன். அக்கா கரண்டியால் என் மணிக்கட்டில் போட்டாள்.

"டேய், அது வண்டி இல்லடா. என் பொண்ணு."

அக்காதான் அழுதாள். மைக்கு அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, வாயைப் பாதிதான் திறந்து, ஒன்று கேட்டாள்.

"அகத்தின் அழகு முகத்துல தெரியும்னு சொல்வீங்களே மாமா. அப்ப என் அகம் பூரா சீழா?"

நான் கரண்டி பட்ட மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.


மார்ச் 14, வெள்ளி

தோல் டாக்டரிடம் போனோம். சின்ன உருவம், சின்னக் குரல், ஆனால் பெரிய வெளிச்சம் ஒன்று வைத்திருக்கிறார். அதைத் தாடைக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் பெயிண்ட் அடிக்கும் முன்னால் பார்க்கிற மாதிரியே சாய்ந்து சாய்ந்து பார்த்தார். தொழில் தெரிந்தவர் என்று அப்போதே முடிவுகட்டினேன்.

என்ன போட்டீர்கள் என்று கேட்டார். மைக்கு என்னைப் பார்த்தாள். நான் சர்க்கரைத் தத்துவத்தை ஆதியோடந்தமாக விளக்கினேன். டாக்டர் முழுதும் கேட்டார். அப்படிப் பொறுமையாகக் கேட்கிறவர்கள் குறைவு. கடைசியில் சொன்னார்:

"சார், இது மேல இருக்கிற அழுக்கு இல்ல. துளை அடைபட்டு, அடியில வீங்கி, உள்ளுக்குள்ளயே உடைஞ்சிருக்கு. தேய்ச்சா இன்னும் உடையும். அழுத்தினா சீழ் வெளிய வராது, இன்னும் ஆழமாப் போகும். அது உடையற இடத்துல தோலைத் தாங்குற சதை கரையுது. அப்புறம்தான் பள்ளம் விழும்."

பள்ளத்துக்குப் பட்டி போட்டு நிரப்ப முடியாதா டாக்டர் என்றேன். சிரித்துவிட்டார். அதற்கும் வழிகள் இருக்கின்றனவாம். ஆனால் பழையபடி ஆகும் என்று எவரும் எழுதித்தர முடியாதாம். "விழுந்த பள்ளத்தை நிரப்புறதைவிட விழாம பாத்துக்கிறது சுலபம். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இன்னும் சுலபம்" என்றார்.

இது எங்கள் பட்டறையில் எழுதிவைக்க வேண்டிய வாசகம். எழுதிவைத்தால் வண்டி வராது.

இரண்டு பெரிய கட்டிக்கும் நேராக உள்ளே ஊசி போட்டார். மைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த இடம் இப்போதும் தெரிகிறது, பெருமையாக இருக்கிறது. அதன் பிறகு மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அக்காவையும் மைக்கையும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். பெண்கள் விஷயமாம். அந்த மாத்திரை சாப்பிடுகிற காலத்தில் வயிற்றில் பிள்ளை உண்டாகவே கூடாதாம், அவ்வளவு வீரியமாம் என்று அக்கா பிறகு சொன்னாள். ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் ஆரம்பிப்பாராம். மாசாமாசம் பார்ப்பாராம். மாசக்கணக்கில் சாப்பிட வேண்டுமாம்.

கிளம்பும்போது மைக்கிடம் விரலை ஆட்டிச் சொன்னார். தொடாதே. கிள்ளாதே. வெயில் பட விடாதே, பட்டால் கறை கருக்கும், வெயில் கிரீம் போடு. மென்மையான சோப்பு போதும். முதலில் கட்டி கொஞ்சம் கூடும், பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதே.

எலுமிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. வீட்டிலிருந்த எலுமிச்சைகளை அக்கா ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள்.


மார்ச் 17, திங்கள்

ஊசி போட்ட மேடு இறங்கிவிட்டது. வாய் முழுதாகத் திறக்கிறது. மைக்கு காலை அறிவிப்பில் ஒரு எழுத்தை விடவில்லை. அந்த டாக்டரைக் கண்டுபிடித்தது நான். (அக்காவின் சிநேகிதி சொன்ன டாக்டர். ஆட்டோ கண்டுபிடித்தது நான்.)


ஏப்ரல் 3, வியாழன்

டாக்டர் சொன்னது போலவே மாத்திரை ஆரம்பித்ததும் கூடியிருக்கிறது. நெற்றியிலும் இரண்டு. உதடு வெடித்துப் போய்ச் சிரிக்கவே பயப்படுகிறாள்.

இந்த நேரம் பார்த்துப் புதுத் தலைவலி. ஜூன் மாசத்தோடு அறிவிப்பு அறையை மூடுகிறார்களாம். இனிமேல் மெஷின் பேசுமாம். மெஷினுக்கு மைக்கின் குரலையே பதிவுசெய்யப் போகிறார்கள் என்று கேட்டதும் நான் விசில் அடித்தேன். ஊரில் எந்த மாமனுக்கு இந்தக் கொடுப்பினை? ஆனால் குரலைக் கொடுத்தபின் ஆளுக்கு வேலை வேண்டுமே. விசாரணைக் கவுண்ட்டர் காலியாகிறது, வருகிறாயா என்று மேலாளர் அம்மா கேட்டிருக்கிறார். நிரந்தர வேலை.

விசாரணைக் கவுண்ட்டர் எனக்குத் தெரியும். முன்னால் பெரிய கண்ணாடி. தலைக்கு நேர் மேலே டியூப்லைட். ஊரே வரிசையில் வந்து முகத்தைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கும். மாட்டேன் என்று சொல்லப்போகிறாளாம். குரலைப் பதிவுசெய்து கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறாளாம்.

இருபத்திரண்டு வயசு. வீட்டில் இருந்து என்ன செய்வாய்? மேலாளர் அம்மா ஜூன் கடைசிவரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி. அவர் காருக்கு ஒரு கீறல் விழுந்தால் இலவசமாக எடுத்துக்கொடுப்பேன்.


ஏப்ரல் 10, வியாழன்

நுணலும் தன் வாயால் கெடும். எழுதிவிட்டேன். எழுதியதும் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வேன் டிரைவர் டயர் மாற்ற வந்தார். அவர் மகனுக்கும் முகத்தில் பரு என்று பேச்சு வந்தது. நல்லெண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், டாக்டரைப் பாருங்கள் என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் மருமகளுக்கு ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு இருந்தது என்றேன். பிறகு எலுமிச்சம்பழ அளவு என்றேன். சீழைக் கோப்பையில் பிடித்தார்கள் என்றேன். எந்தக் கோப்பை? ஒரு சொட்டு வரவில்லை. பேச்சு ஓடும்போது அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரிவதில்லை.

வேன் டிரைவரின் தம்பி கண்டக்டர். சாயங்காலம் அவன் அறிவிப்பு அறை வாசலில் மைக்கை நிறுத்தி, நாலு பேர் நடுவே, "கோப்பைக் கணக்குல சீழ் எடுத்தாங்களாமே, இப்ப எப்படியிருக்கு" என்று விசாரித்திருக்கிறான். பாவம், அக்கறையாகத்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் மைக்குல சொல்லாததையும் நீங்க ஊருக்கே அறிவிச்சிட்டீங்க மாமா."

அவ்வளவுதான். மாத்திரை அட்டையை என் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.


ஏப்ரல் 12, சனி

நான் என்ன கெட்ட எண்ணத்திலயா சொன்னேன்? யார் கார்ல ஒடுக்கு விழுந்தாலும் சொல்றதில்லையா? சொல்லக்கூடாதுன்னு யாராவது எனக்குச் சொன்னாங்களா? பெருமையாத்தானே சொன்னேன் — அவ தாங்கிக்கிட்டா, ஊசிக்கு ஒரு சத்தம் போடல — அதைத்தானே சொல்ல வந்தேன். அது எங்கயோ போயி கோப்பையில விழுந்துருச்சு.

மாத்திரை அட்டை மேஜையில் அப்படியே இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. டாக்டர் சொன்னதை நினைக்கிறேன். பயந்து நிறுத்தினால் உள்ளே உடைவது நிற்காது. உடைகிற இடமெல்லாம் பள்ளம்.

அக்கா சாப்பாடு போட்டாள். நான் கை கழுவ எழுந்தபிறகு சொன்னாள்: "அவ மூஞ்சிக்கு மருந்து இருக்குடா. உன் வாய்க்குத்தான் எந்தக் கடையில வாங்குறதுன்னு தெரியல."


ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று காலை அவள் அறை வாசலில் போய் நின்றேன். பேச வேண்டியதை ராத்திரியே தயார் செய்துவைத்திருந்தேன், மேடைப் பேச்சு போல. மாத்திரை அட்டையை மட்டும் நீட்டினேன்.

"நீங்க பேசாம இருந்தா பார்க்கலாம்" என்றாள்.

எவ்வளவு நாளைக்கு?

"நான் மாத்திரை சாப்பிடற வரைக்கும். என் மூஞ்சியப் பத்தி ஒரு வார்த்தை கூடாது. யார்கிட்டயும். நல்லதாக்கூட. உங்களால முடியாது மாமா."

என்னால் முடியாதது ஒன்று உண்டா? கேட்டுவிட்டேன். அவள் சிரித்த மாதிரி இருந்தது, உதடு வெடிப்பினால் நிச்சயமாகத் தெரியவில்லை.

"சரி. நீங்க வாயத் தொடாதீங்க. நான் முகத்தத் தொடல."

ஒப்பந்தம் ஆயிற்று. அவள் என் கண் முன்னால் மாத்திரையை விழுங்கினாள். நான் அவள் கண் முன்னால் வாயை மூடினேன். எது கஷ்டம் என்று இந்த உலகம் ஒருநாள் தீர்ப்புச் சொல்லும்.

டைரியில் எழுதினால் பேசியதாகாது. இதை அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் ஆகாது.


ஏப்ரல் 16, புதன்

ஒரு வார்த்தை பேசவில்லை.


ஏப்ரல் 25, வெள்ளி

பெயிண்ட் அடிக்கும்போது போடுகிற ரப்பர் மாஸ்க் இருக்கிறதே, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும், அதை இப்போது காலையில் பட்டறை திறக்கும்போதே மாட்டிவிடுகிறேன். பாலிஷ் போடுகிறவன் — தடிமனான கண்ணாடி போட்டிருப்பான், அதனால் அவனைக் கண்ணாடி என்றே கூப்பிடுவோம் — இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்று கேட்டான்.

"அண்ணே, ஒரு வாரமாப் பெயிண்ட்டே அடிக்கலையே. யாருக்காக இந்த மாஸ்க்?"

தூசி என்றேன். மாஸ்க்குக்குள் "தூதி" என்று கேட்டது.

வேன் டிரைவர் மறுபடி வந்தார். மருமகளுக்கு எப்படி என்றார். எனக்குள் என்னென்ன வந்தது தெரியுமா? நெற்றியில் வந்த இரண்டும் அடங்கிவிட்டது, உதட்டுக்குக் களிம்பு போடுகிறாள், வெயில் கிரீம் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை, இந்த வயசில் எவளுக்கு இந்தக் கட்டுப்பாடு வரும் — எல்லாம் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றது. டயர் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். அவருக்கே ஏமாற்றம். மாஸ்க்கைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டேன்.

ஒன்று தோன்றியது. நாளெல்லாம் பாதி முகத்தை மூடிக்கொண்டு திரிவது எவ்வளவு புழுக்கம். இவள் இதை எத்தனை வருஷமாகச் செய்திருக்கிறாள்.


மே 9, வெள்ளி

டாக்டரிடம் போனோம். ரத்தம் நன்றாக இருக்கிறது. டாக்டர் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, புதுசாக ஆழத்தில் எதுவும் இல்லை, இருப்பவையும் வற்றிக்கொண்டு வருகின்றன என்றார். தட்டையாகத் தெரிகிற சிவப்பும் பழுப்பும் கறைதான், அது தானே மங்கும், பள்ளம்தான் தங்கும் என்று விரலால் வித்தியாசம் காட்டினார். பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"போன தடவை நீங்கதானே அவ்வளவு பேசினீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

மைக்கு குனிந்து சிரித்தாள். டாக்டரிடம்கூடப் பேசக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லைதான். இருந்தாலும் ஒரு வேலையை எடுத்தால் சுத்தமாக முடிக்கிறவன் நான்.


மே 22, வியாழன்

சாப்பிட உட்கார்ந்தபோது மைக்கு தாடையைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். கையை எடுத்தாள். நாடியில் ஒரு சின்னப் பருவைக் கிள்ளியிருக்கிறாள். கண்ணாடி முன்னால் பல் விளக்கும்போது கை தானாகப் போய்விட்டதாம்.

"நான் தோத்துட்டேன் மாமா. இனி நீங்க பேசலாம்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். போன வாரம் பார்சல் ஆபீஸ் கிளார்க்கிடம் ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம். "எங்க வீட்டுப் பொண்ணுக்கு இருக்கிற பொறுமை எனக்குக்கூடக் கிடையாது" என்று. முகம் என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் அதைப் பற்றித்தான் சொன்னேன், அது எனக்குத் தெரியும்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சோடி சேந்திருக்குது பாரு" என்றாள்.

ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு என்று மைக்கு சொல்லிவிட்டாள். முதலிலிருந்து ஆரம்பம். சிரிக்கும்போது உதடு வெடிக்கவில்லை.


ஜூன் 8, ஞாயிறு

குரல் பதிவு முடிந்ததாம். எல்லா ஊர்ப் பெயரும், எல்லா நடைமேடையும், மழையால் தாமதம், பழுதால் தாமதம், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். பதிவுசெய்ய வந்தவர் இப்படி ஒரு குரலைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றாராம். இந்த "என்றாராம்" நான் சேர்த்தது. ஆனால் அவர் நினைத்திருப்பார்.

கவுண்ட்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. துப்பட்டா வீட்டில் கழுத்துக்கு இறங்கிவிட்டது. வாசல் தாண்டும்போது மட்டும் மேலே ஏறுகிறது.


ஜூன் 24, செவ்வாய்

பேசக்கூடாது என்றுதானே ஒப்பந்தம். வேலை செய்யக்கூடாது என்று இல்லையே.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விசாரணைக் கவுண்ட்டர் கண்ணாடியை அளந்து வந்தேன். காவலாளி என்ன என்றார். காற்று வருகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். பட்டறையில் கறுப்பு சன் ஃபிலிம் ஒரு சுருள் இருந்தது, உயர்ந்த ரகம், உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே பளிச்சென்று தெரியும், வெளியேயிருந்து பார்த்தால் உள்ளே யார் என்று தெரியாது. அளவாக வெட்டினேன். மூலையெல்லாம் வளைத்து, பேச ஓட்டை இருக்கிற இடத்தில் வட்டம் எடுத்து, ஒரு பிசிறு இல்லை. பாலிஷ் போடுகிற கண்ணாடி பார்த்துவிட்டு, இது எந்த வண்டிக்குண்ணே, இவ்வளவு நேர்த்தியா என்றான். வாயை மூடிக்கொண்டு சுருட்டினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கச்சிதமாக ஒன்றை வெட்டியதில்லை. இது அலங்காரம் இல்லை, நிஜம்.

சாயங்காலம் மைக்கின் முன்னால் விரித்தேன். மேலாளர் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், டியூப்லைட் கூச்சம் என்று சொன்னால் ஒட்ட விடுவார், நீ உள்ளே நிம்மதியாக உட்காரலாம், ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

அவள் அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். பின்னால் அவள் முகம் கறுப்பாக, வெறும் உருவமாகத் தெரிந்தது. வேலை பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு ஃபிலிமை இறக்கி, பழையபடியே சுருட்டி, என் கையில் கொடுத்தாள்.

"நல்லா வெட்டியிருக்கீங்க மாமா. ஆனா வர்றவங்க யாரைப் பார்த்துக் கேப்பாங்க?"

எனக்கு விளங்கவில்லை.

"மேலாளர் அம்மாகிட்ட நேத்தே சரின்னு சொல்லிட்டேன். ஒண்ணாந்தேதி சேரணும்."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது. நான் சுருளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். என்னிடம் சொல்லாமல் ஒரு முடிவு எடுத்திருக்கிறாள். கோபம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சொல்ல ஆள் இல்லாமல் இங்கே எழுதுகிறேன் — எங்க வீட்டுப் பொண்ணு. எங்க வீட்டுப் பொண்ணுடா.


ஜூன் 27, வெள்ளி

வேன் டிரைவரின் பக்கத்துக் கண்ணாடிக்கு அந்த ஃபிலிமை ஒட்டினேன். அளவு சரியில்லை. அவருக்குத் தெரியவில்லை.


ஜூலை 1, செவ்வாய்

பட்டறையைக் கண்ணாடியிடம் விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மாஸ்க்கைக் கொண்டுபோகவில்லை. ஒருநாள் அது இல்லாமல் என்னால் முடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

கூரையில் மைக்கு பேசிக்கொண்டிருந்தாள். கீழே, கண்ணாடிக்குப் பின்னால், மைக்கு உட்கார்ந்திருந்தாள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் என் மருமகள். துப்பட்டா தோளில் கிடந்தது. டியூப்லைட் நேராக முகத்தில் விழுந்தது.

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா கைக்குழந்தையோடு எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மைக்கு எழுந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, கையை நீட்டி வழி காட்டினாள். அந்த அம்மா கை காட்டிய திசையைத்தான் பார்த்தார்.

என் முறை வந்தது. அவ்வளவு வெளிச்சத்தில், அவ்வளவு பக்கத்தில், தொழில்காரன் கண்ணுக்கு எதுதான் தப்பும்? பழுப்புக் கறைகள் பாதி மங்கியிருக்கின்றன, இன்னும் மங்கும். நாடியில் கிள்ளிய இடம் ஒரு புள்ளி. இடது தாடையில் அந்த எலுமிச்சை நாள் மேடு இருந்த இடத்தில் ஒரே ஒரு பள்ளம், கடுகு விழுந்தால் நிற்கிற அளவு. அது தங்கும். மற்ற இடமெல்லாம் சமதளம். டாக்டரும் அவளும் சேர்ந்து காப்பாற்றிய இடம்.

மைக்கு என்னை முன்பின் தெரியாதவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கண்ணில் மட்டும் சிரிப்பு.

"சொல்லுங்க சார், எங்க போகணும்?"

யோசித்து வரவில்லை. கடைசி நிறுத்தம்வரை போகிற பஸ் எது என்றேன். மூன்றாம் நடைமேடை, இப்போது வந்துவிடும் என்றாள்.

நகரும்போது பின்னால் நின்ற ஆள் என் தோளைத் தொட்டார். மேலே பேசுகிற குரலும் இந்தப் பொண்ணு குரலும் ஒரே மாதிரி இருக்கிறதே, உங்களுக்குத் தெரிந்த பொண்ணா என்று கேட்டார்.

தொண்டைவரை வந்துவிட்டது. பிறந்தது முதல் இன்றுவரை எல்லாம் வந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை இன்னும் முடியவில்லை.

"பஸ்தாங்க கேட்டேன்" என்றேன்.

அந்த ஆளும் மூன்றாம் நடைமேடைக்குத்தான் வந்தார். ஆகவே நானும் ஏற வேண்டியதாயிற்று. கடைசி நிறுத்தம்வரை ஜன்னல் ஓரத்தில் வாயை மூடிக்கொண்டு போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். பஸ் அவள் சொன்னபடியே வந்தது, சொன்ன இடத்தில் நின்றது.